மாப்ளே, உன் கை வளருதா?

மாப்ளே, காலைல காசிமேட்டு ஏலத்தாண்ட உன்னைப் பாத்தேன். செல்லை நீட்டிப் புடிச்சு, கழுத்தைப் பின்னால இழுத்துக்கினு நின்ன. செல்ஃபி எடுக்குறன்னு நெனச்சேன். அப்பால பாத்தா, பணம் வந்த மெசேஜைப் படிக்கிறியாம்! நாப்பத்தஞ்சு தாண்டுனா கை வளரும்னு எனக்கு யாரும் சொல்லலியே. கேட்டா, தூரத்துல வர்ற போட்டு நம்பரைச் சொல்லி, “என் கண்ணு ஷார்ப்பு மாமா”ன்னு பீத்திக்கிறே.

இப்டி குந்து. இது சங்கரா தலை, பச்சை மீனு. கண்ணைக் கீறி லேசா அமுக்கு. வழுக்கிக்கினு ஒரு உருண்டை வருதா? பேப்பர் மேல வை. கீழ இருக்குற எழுத்து பெருசாயிடுச்சா? நீ படிக்க முடியாததைச் செத்த மீனோட லென்ஸ் படிச்சுக் காட்டுது. பெரிய ஆளுதான்பா நீ.

அது ஏன் உருண்டைன்னு நீ கேக்க மாட்டே, நானே சொல்றேன். வெளிச்சம் ஒண்ணுலேர்ந்து வேற அடர்த்தி இருக்குற இன்னொண்ணுக்குள்ள சாய்வா பூந்தா வளையும். நமக்குக் காத்துலேர்ந்து கருவிழிப் படலத்துக்குள்ள பூர்ற எடத்துலயே மூணுல ரெண்டு பங்கு வேலை முடிஞ்சுடுது. மிச்சத்தை உள்ள இருக்குற லென்ஸ் வளைச்சு, பின்னாடி திரையில கொண்டுபோய்ச் சேக்குது. மொத்தக் கண்ணே முன்னேர்ந்து பின்ன வரைக்கும் 24 மில்லிமீட்டர்தான். தண்ணில முங்குனா, கருவிழிக்கும் தண்ணிக்கும் பெருசா வித்தியாசமில்ல. வெளிச்சம் வளையாம பூந்துடுது. சின்னதுல முங்கி நீச்சல்ல கண்ணைத் தொறந்தப்போ எல்லாம் மங்கலாத் தெரிஞ்சுதே, அது அதனாலதான். மீனுக்கு முழு வேலையும் லென்ஸ் ஒண்டியா பாக்கணும், அதான் உருண்டை. அதுலயும் நடுவுல அடர்த்தி ஜாஸ்தி, ஓரத்துல கம்மி. இல்லேன்னா ஓரத்து வெளிச்சமும் நடு வெளிச்சமும் வேற வேற எடத்துல போய்ச் சேரும். கேமராக்காரன் அதைச் சரிபண்ணப் பல கண்ணாடி அடுக்குறான். சங்கராவுக்கு ஒண்ணே போதும்.

கிட்டயும் தூரமும் பாக்க மீனு லென்ஸை முன்ன பின்ன நவுத்தும். உன் செல் கேமராவும் அதைத்தான் செய்யுது. நாம நவுத்துறதில்ல, லென்ஸையே குண்டாக்குறோம். பசங்களுக்கு அது சுடுகளி, இஷ்டத்துக்கு உப்பும். உன்னோடது ஆறிப்போன களி. உள்ள இருக்குற தசை எவ்ளோ முக்குனாலும் அசையாது. வெள்ளெழுத்து, அவ்ளோதான். வியாதியில்ல. எனக்கும் வந்துது, உங்கப்பனுக்கும் வந்துது. நான் கண்ணாடி போட்டேன். உங்கப்பன் கடன் பத்திரத்துல கையெழுத்து போட்டான்.

இதே தலையைக் குழம்புல போட்டா, இந்த உருண்டை வெள்ளையா கெட்டிப்பட்டுடும். சூட்டுல புரதம் திரள்ற வேலை அது. அடுப்பே இல்லாம வருஷக்கணக்குல நம்ம லென்ஸ்லயும் புரதம் திரளும், அது கண்புரை. அதுக்கு லென்ஸையே எடுத்துட்டு வேற வெக்கணும். மதுரையில அரோலாப்காரங்க 1992லேர்ந்து அந்த லென்ஸ் செய்யறாங்க. உனக்கு இன்னும் அந்தக் காலம் வரல, ஒரு கண்ணாடியோட தப்பிச்சே.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரி 1819லேர்ந்து இருக்கு. எத்தினியோ பெரிய மீசையெல்லாம் அங்க போய் உக்காந்து எழுத்து படிச்சிருக்கு, உன் மீசைக்கு இன்னா கௌரவம் கொறையப் போவுது? கண்ணாடி போட்டா கிழவன்னு சொல்லுவாங்களா? போன வாரம் 800 ரூவா கூடையை 300ன்னு படிச்சுட்டுக் குடுத்தியே, அன்னிக்கு ஏலத்துல இன்னா சொன்னாங்கன்னு உன் காதுல உழுந்துதா?

நாளைக்கே கெளம்பு. பஸ் போர்டு உனக்கு நல்லாத் தெரியும். டிக்கெட்டை மட்டும் கண்டக்டரைப் படிக்கச் சொல்லு.