ஆணியும் அசலும்: பழைய கியூ கோலைப் புதுப்பித்தல்

பழைய கியூ கோலுக்கு உறுப்புகள் ஐந்து: நுனியில் தோல் டிப், அதைத் தாங்கும் பித்தளைப் பூண், ஆஷ் மரத் தண்டு, கருங்காலி அடி, அந்த அடியில் பதித்த கம்பனித் தகடு. ஆறாவதாக உரிமையாளர் ஒருவரும் உண்டு. கோலைப் புதுப்பிப்பதா, இருந்தபடி விடுவதா என்ற தகராறு பெரும்பாலும் இந்த ஆறாவது உறுப்பில்தான் தொடங்குகிறது.

லண்டனின் பறோஸ் அண்ட் வாட்ஸ், லிவர்பூலின் பெரடன் போன்ற கம்பனிகளின் கோல்கள் ஆங்கிலேயர் காலத்தில் கப்பலேறி உலகெங்கும் போயின. இலங்கைக் கருங்காலியும் அதே காலத்தில் எதிர்த்திசையில் கப்பலேறியது. ஆகவே கொட்டாஞ்சேனை வீடொன்றின் மூலையில் சாய்ந்திருக்கும் கோலின் அடி, இங்கிருந்து மரமாகப் போய்ச் சீமைச் சரக்காகத் திரும்பியதாகவும் இருக்கலாம். இன்று அந்த மரத்தை வெட்டவும் விற்கவும் இலங்கையில் தடை. அடி பிளந்தால் அதே மரத்தில் ஒட்டுப்போட ஓடாவிக்கு வழி குறைவு. அசலைக் காப்போர் கட்சிக்கு அரசாங்கம் செய்த உதவி இது ஒன்றுதான்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், உப்புக்காற்று முதலில் பூணைப் பிடித்துப் பச்சை கட்ட வைக்கும். தண்டு ஈரத்தை உறிஞ்சி வளையும். ஆவி காட்டியும் பாரம் தொங்கவிட்டும் நிமிர்த்துவோர் உண்டு. நிமிர்ந்த கோல் அடுத்த மழைக்காலத்தில் தன் பழைய கொள்கைக்கே திரும்பிவிடுவதும் உண்டு. வளைவைக் கண்டறிய மேசையில் உருட்டிப் பார்ப்பது வழக்கம். மேசையே சமமில்லாத வீடுகளில் இந்தச் சோதனை கோலுக்கு அநியாயமானது.

வீட்டுப் பாவனை இதைவிடக் கொடியது. விளையாடியவர் காலமானபின் கோல் ஒட்டடை அடிக்கும், திரைச்சீலை தாங்கும், நுனியில் ஆணி ஏறி முருங்கைக்காய் பறிக்கும். புதுப்பிப்போர் அந்த ஆணியைக் கண்டு கண்ணீர் விடுவர். அசலைக் காப்போர் இங்கே தடுமாறுவர்: ஆணியும் கோலின் வரலாறுதானே? ஆணியைப் பிடுங்கலாம் என்பதே சரியான விடை. முருங்கைக்காய் எந்தக் கம்பனியின் திட்டத்திலும் இருந்ததில்லை.

அந்தக் கம்பனியே மாற்றச் சொல்லி வைத்த பாகத்தில் வாதமே எழக் கூடாது. தோல் டிப் பிரான்ஸில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்பவரால் வந்தது. அன்றிலிருந்து தேய்வதும் மாற்றப்படுவதுமே அதன் தொழில். ஸ்னூக்கர் கோலுக்கு 9 முதல் 10 மி.மீ., பூல் கோலுக்குச் சுமார் 13 மி.மீ. விட்டம் பொருந்தும். வெடித்த பூணையும் மாற்றலாம்.

தண்டில் கைவைக்கும்போதுதான் வினை. அரத்தாளால் ஒருமுறை தேய்த்தாலே விட்டம் குறையும். குறைந்த மரம் திரும்பி வராது. உற்சாகம் மிகுந்தவர் அடியையும் சேர்த்துத் தேய்த்தால் கம்பனி முத்திரையும் போய்விடும். அதன்பின் அது பளபளப்பான, அநாமதேயமான தடி. மேலே பொலியுறேதேன் பூசினால் கொழும்புப் புழுக்கத்தில் கை ஒட்டும். மெல்லிய ஈரத்துணியால் அழுக்கை எடுத்து, உலரவிட்டு, ஆளிவிதை எண்ணெய் சில துளிகள் தேய்ப்பதோடு நிறுத்துபவரே நல்ல கைவினைஞர். அவருடைய பில்லும் சிறியது. அதனாலேயே பலருக்கு அவர்மேல் நம்பிக்கை வருவதில்லை. நீளத்தைக் குறைப்பது இன்னும் மோசம். விதிப்படி ஸ்னூக்கர் கோல் 3 அடிக்குக் குறையக் கூடாது. அந்த எல்லை வரை வெட்டும் சுதந்திரத்தை யாரும் பயன்படுத்தத் தேவையில்லை.

விலை என்று வந்தால் சேகரிப்பாளர் தேடுவது பெயரும் பூர்வீகமும். 1973இல் பம்பாயில் எம்.ஜே.எம். லாபீர் உலக அமெச்சூர் பில்லியட்ஸ் சம்பியன் ஆனார். பழைய கோலை விற்க வந்து, அது லாபீர் தொட்ட கோல் என்று சொல்லாதவர் ஒருவர் கொழும்பில் கிடைத்தால், அவரிடம் காணியையும் நம்பி வாங்கலாம். அமெரிக்காவிலும் பெயருக்கே மதிப்பு. 1975இல் மறைந்த ஜோர்ஜ் பலபுஷ்கா செய்த பூல் கோல்கள் அங்கே பொக்கிஷம். 1986இல் வந்த ‘த கலர் ஒஃப் மணி’ படத்தில் பலபுஷ்காவாக நடித்ததோ ஜொஸ் கம்பனியின் கோல். நடிகருக்கு டூப் போடும் துறையில் கோலுக்கும் போட்டார்கள்.

எந்தக் கட்சி வென்றாலும் கோலைச் சுவரில் சாய்க்கலாகாது. படுக்கையாகவோ, நேராகத் தொங்கவிட்டோ வைக்க வேண்டும். குளியலறைப் பக்கமும் வெயிலில் நிற்கும் காரும் ஆகாது. அடுக்குமாடி வீட்டில் ஈரமும் வெயிலும் எட்டாத இடம் பெரும்பாலும் சேலை அலுமாரிதான். அதற்குள் இடம் பெறும் பேச்சுவார்த்தை ஓடாவியின் வேலையில் அடங்காது.