சிங்கப்பூர் மாப்பிள்ளையும் 48 மணி நேரத் துப்பும்

வாடா தம்பி, உக்காரு. அந்தப் போனை இப்படிக் குடு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு நானே படிக்கிறேன். ‘சிங்கப்பூர் மாப்பிள்ளையின் ஆறு மாத போன் கால் பட்டியல், வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் பேச்சு, 48 மணி நேரத்தில். கட்டணம் 45,000 ரூபாய். முழு ரகசியம்.’ அடேயப்பா! நாம நெல் கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட்டுட்டு, பணம் எப்ப கணக்குல ஏறும்னு நாளெண்ணிக்கிட்டு நிக்கிறோம். இவன் கடல் தாண்டிக் கெடக்குற ஒருத்தன் பேங்குக் கணக்கை ரெண்டே நாள்ல கொண்டாந்து கொட்டுறேங்கிறான். கெட்டிக்காரன்தான். முழு ரகசியமாம்ல? மாப்பிள்ளைக்குத்தான் ஒரு ரகசியமும் மிஞ்சலையேடா, அப்புறம் யாருக்கு ரகசியம்?

உன்னைக் குத்தம் சொல்லல. பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கூத்தாநல்லூரு, முத்துப்பேட்டைன்னு இந்தப் பக்கம் எந்தத் தெருவுல பாத்தாலும் சிங்கப்பூரு, மலேசியா, துபாய்னு போன புள்ளைவோதான். அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்திக்கிட்டு, ஒரு மாச லீவுல வந்து இங்க தாலி கட்டிட்டுப் போன பயலுவோளையும் பாத்திருக்கோம். பொண்ணைப் பெத்தவனுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

உள்ளூர் மாப்பிள்ளைன்னா கவலையே இல்ல. அவன் தெரு டீக்கடையில போயி உக்காந்து, “இந்த வீட்டுப் புள்ளைக்குப் பொண்ணு பாக்குறாவளாமே”ன்னு சும்மா ஒரு வார்த்தை போட்டாப் போதும். டீ ஆறுறதுக்குள்ள அவன் குடிக்கிறானா, சொசைட்டியில நகைக்கடன் எவ்வளவு, அவங்க அப்பாவும் சித்தப்பாவும் எந்த வரப்புல அடிச்சிக்கிட்டாவோ, எல்லாம் வந்துரும். அதுக்கு லைசென்ஸா கேக்குறாவோ? துப்பறியும் கம்பெனிக்கே நம்ம நாட்டுல தனிச் சட்டம் கெடையாது. 2007-ல ராஜ்யசபாவுல ஒரு மசோதா கொண்டாந்தாவோ, அது சட்டமாகாமலே போயிருச்சு. அதனால போர்டு மாட்டுனவனெல்லாம் துப்பறிவாளன்.

கடல் தாண்டுனா முறை வேறடா. கல்லணைக் கால்வாயில நம்ம முறைநாள்ல நாம தண்ணி பாய்ச்சிக்கலாம். அடுத்த ஊரு முறையில போயி மடையைத் தூக்கிப் பாரு, மம்பட்டியோட வருவான். சிங்கப்பூர்க்காரன் 2007-லயே சட்டம் போட்டுட்டான், போலீஸ் லைசென்ஸ் இல்லாம எவனும் துப்புப் பாக்குற தொழில் பண்ணக் கூடாது. உன் 45,000 ரூபா ஆளு டூரிஸ்ட் விசாவுல போயி இறங்குனான்னு வையி, வேலை அனுமதி இல்லாம வேலை பாத்ததே தனிக் குத்தம். மாப்பிள்ளை பின்னாடியே எம்ஆர்டி ரயில்ல ஏறி இறங்கித் தொல்லை குடுத்தா, அதுக்கு 2014-ல வந்த சட்டம் இருக்கு, 12 மாசம் வரைக்கும் உள்ள போடலாம்.

இதுக்கு மேல 2012-ல கொண்டாந்த தனிநபர் தரவுச் சட்டம் வேற. மீறுன கம்பெனிக்கு 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், பெரிய கம்பெனின்னா அதுக்கும் மேல. அங்க முறையா லைசென்ஸ் வச்சிருக்குறவனே ஆனாலும், ரிப்போர்ட்டை இந்தப் பக்கம் அனுப்புறதுன்னா இங்கயும் அதே அளவுக் காவல் இருக்கான்னு பாத்துட்டுத்தான் அனுப்பணும். காவல்னா என்ன? அது உன் மச்சான் போன்லயும், ‘நம்ம குடும்பம்’ வாட்ஸ்அப் குரூப்புலயும் சுத்தக் கூடாது. மருமவ அந்தக் குரூப்புல இருக்காளா? இருக்கா. சரி, விளங்கிரும்.

துபாய் மாப்பிள்ளைன்னா இன்னும் தேவலாம்னு நெனைக்காத. அங்க 2021 சட்டப்படி அடுத்தவன் அந்தரங்கத்துல கேமராவை நீட்டுனா குறைஞ்சது ஆறு மாசம் ஜெயில், இல்லன்னா ஒன்றரை லட்சத்துலேருந்து அஞ்சு லட்சம் திர்ஹம் அபராதம், இல்லன்னா ரெண்டுமே. உன் ரெண்டு வேலி நஞ்சையை அளந்து குடுத்துட்டு வரணும்.

அந்த கால் பட்டியலுக்கு வருவோம். சிங்கப்பூர் சிம்மோட பட்டியல் இவனுக்கு எப்படிடா கெடைக்கும்? ஒண்ணு, அங்க போன் கம்பெனியில உள்ளவன் திருடித் தரணும். இல்லன்னா இவனே ராத்திரி உக்காந்து எழுதணும். ரெண்டாவதா இருந்தா நீ புண்ணியவான், காசோட போவும். மொதலாவதா இருந்தா, காசு குடுத்துத் திருடச் சொன்னவனுக்கு உடந்தைன்னு பேரு. இங்கயே 2018-ல தாணே போலீஸ், கால் பட்டியலைத் திருட்டுத்தனமா வாங்கி வித்தாவோன்னு துப்பறியிற ஆளுவோளை வரிசையாப் புடிச்சு உள்ள வச்சுது.

“கோர்ட்டுல காட்டலாம்ல பெரியப்பா”ங்கிற. நம்ம தஞ்சாவூரு வழக்கெல்லாம் போயிச் சேர்ற மதுரைக் கிளையில 2024 அக்டோபர்ல ஒரு தீர்ப்பு. பொண்டாட்டியோட கால் விவரத்தை அவளுக்குத் தெரியாம எடுத்தாந்து விவாகரத்துக்குச் சாட்சியா வச்சான் ஒரு புருஷன். நீதிபதி சுவாமிநாதன், அந்தரங்கம் பொண்டாட்டிக்கும் உண்டு, இப்படி எடுத்தது சாட்சியில செல்லாதுன்னுட்டாரு. அடுத்த வருஷம் ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு வேற வழக்குல, புருஷன் பொண்டாட்டி பேச்சை ரகசியமா ரெக்கார்டு பண்ணியிருந்தாலும் விவாகரத்து வழக்குல எடுத்துக்கலாம்னுச்சு. உடனே பல்லைக் காட்டாத. அது தாலி கட்டுனவங்களுக்குள்ள உள்ள சண்டை. நீ இன்னும் தட்டே மாத்தல.

அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-ல ஒம்போது நீதிபதிங்க ஒண்ணாச் சொன்னாவோ. அதுக்கப்புறம் 2023-ல நம்ம நாட்டுக்கும் தரவுச் சட்டம் வந்துச்சு, அபராதம் 250 கோடி வரைக்கும். உன் வீட்டுக் காரியத்துக்கு நீயா விசாரிச்சா அந்தச் சட்டம் உன்னைத் தொடாது. காசுக்குப் பாக்குற கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்ல. விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் தவணை குடுத்திருக்காவோ. அதுக்குள்ள பாத்து முடிச்சிரலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போடுற பாரு, மூஞ்சியிலயே தெரியிது. தவணை நம்ம சட்டத்துக்குத்தான்டா, சிங்கப்பூர்க்காரன் எவனுக்கும் தவணை குடுக்கல.

அப்ப என்னதான் பண்றதுங்கிறியா? மாப்பிள்ளையையே கேளேன்! பொண்ணைக் கேட்டு வர்றவன்தானே, பாஸ்போர்ட்டு, வேலை பாஸ், கம்பெனி லெட்டரு, இன்னும் கல்யாணம் ஆகலங்கிறதுக்கு அரசாங்கச் சீட்டு, எல்லாம் எடுத்தாரச் சொல்லு. சொந்தக் கம்பெனி வச்சிருக்கேன்னு பீத்துனான்னா, சிங்கப்பூர்ல கம்பெனிப் பதிவை யார் வேணும்னாலும் காசு கட்டி எடுத்துப் பாக்கலாம், அது திருட்டு இல்ல. அதுக்கும் மேல ஆள் வச்சுத்தான் தீரணும்னா, அங்க லைசென்ஸ் உள்ளவனாப் பாரு. எதை விசாரிக்கணும், யார் கண்ணுல படணும், காரியம் முடிஞ்சா எப்ப அழிக்கணும்னு எழுதி வாங்கு. மாப்பிள்ளைகிட்டயும் சம்மதக் கையெழுத்து வாங்கிரு.

பேங்குக் கணக்கைக் காட்ட மாட்டேன்னா விட்டுரு, என்னைக் கேட்டாலும் நான் காட்ட மாட்டேன். கல்யாணம் ஆகலங்கிற சீட்டைத் தர மாட்டேன்னான்னா பேசாம ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துரு. உனக்கு 45,000 மிச்சம்.

அப்புறம் ஒண்ணு. நேத்து சாயங்காலம் ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டு கடையில ஒரு ஆளு, கையில ஹெல்மெட்டோட, என் பேத்தியை, அதான் உன் மவளைப் பத்தி விசாரிச்சான். மாப்பிள்ளை வீட்டார் வச்ச ஆளுதான், பேச்சுலயே தெரிஞ்சுது. நீ ஏன் செவக்கிற? பொண்ணு தங்கம்னு சொல்லிட்டேன். போன் நம்பர் கேட்டான், அவளையே கேட்டு வாங்கிக்கன்னுட்டேன். காபிக்குக் காசு அவன்தான் குடுத்தான்.