மருமோன், வடிவாய் எம்.டி.எப். அடியும்

அடியும் மருமோன், அடியும். உந்த பேஸ்மென்ற் யன்னலுக்கு எம்.டி.எப். பலகைதான் எடுப்பு. வழுவழுவெண்டு கிடக்கும், முடிச்சில்லை, விலையும் கையைக் கடிக்காது. முதல் கொஞ்சக் காலம் வாற சனமெல்லாம் "ஆர் ஓடாவி?" எண்டு கேக்கும். ஒரு குளிர்காலம் போகட்டும், கேக்காது. மரநாரையும் பசையையும் அமத்திச் செய்த சாமான் அது. வெட்டின ஓரத்தாலை ஈரத்தைக் குடிச்சு, தேத்தண்ணியிலை தோய்ச்ச ரஸ்க் மாதிரி ஊதினால், காஞ்சாலும் பழைய உருவத்துக்குத் திரும்பாது.

தண்ணி எங்காலை வரும் எண்டு கேக்கிறீர். நல்ல கேள்வி. கீழ்வீட்டை வாடகைக்கு விடப்போறீரெல்லோ? அங்கை வாறவை சோறு காய்ச்சமாட்டினம், குளிக்கமாட்டினம், உடுப்புக் காயப்போடமாட்டினம் எண்டு எழுதி வாங்கியிருப்பீர். இல்லையோ? அப்ப கேளும். 21 பாகைச் சூடும் 50 வீத ஈரப்பதனும் உள்ள அறையிலை, கண்ணாடி 10 பாகைக்குக் கீழை இறங்கினாலே வேர்க்கும். ஸ்காபரோத் தைக் குளிரிலை அது இறங்காமல் என்ன செய்யும்? வழியிற தண்ணி முழுக்க வந்து படுக்கிறது உம்மட பலகையிலைதான்.

அதுக்கு மேலை கொம்மா. குளிர் தொடங்கக் கருவேப்பிலைச் சாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு வருவா. கொங்கிறீற் சுவர், உள்ளுக்குப் பஞ்சு, அதுக்கு மேலை ஜிப்சம் எண்டு, யன்னலடி ஒரு அடிக்குக் கிட்ட அகலம். சாடிக்கெண்டே கட்டினதெண்டு நினைப்பா. அங்கை வெயில் படாதெண்டு நீர் சொல்லிப் பாரும். என்ரை தங்கச்சியை எனக்குத் தெரியும்.

மரம்தான் வேணுமோ? ஊரிலை முதிரையும் பாலையும் வைச்ச ஆக்கள் நாங்கள், ஆசை வரும்தான். இஞ்சை கடையிலை கிடைக்கிறது துண்டு துண்டாய் ஒட்டின பைன். கூடாததெண்டு சொல்லமாட்டன். ஆனால் முகத்துக்கு மட்டும் பெயின்ற் பூசி முதுகை வெறுமையாய் விட்டால், சுவரின்ரை ஈரம் அந்த முதுகாலைதான் ஏறும். ஆறு பக்கமும் பூசவேணும். நீர் பூசுவீரோ? நீர் கார் கழுவினதைப் பாத்தனான். வீதிப்பக்கம் மட்டும் மினுங்குது.

ஆனபடியால் சுத்திவர அடிக்கிற சட்டத்துக்குப் பி.வி.சி. எடும். தண்ணி குடியாது, உக்காது, மரம் அறுக்கிற வாளாலையே அறுக்கலாம். பிளாஸ்ரிக்கோ எண்டு மூக்கைச் சுழிக்காதையும். பெயின்ற் அடிச்சால் தட்டிப் பாத்துத்தான் பிடிப்பினம், தட்டிப் பாக்கிறவன் எப்பிடியும் உமக்கு வாடகை தரப்போறதில்லை. ஒரு பழுது இருக்கு: சூட்டிலை நீளும், குளிரிலை சுருங்கும். மூலையளை அதுக்குரிய பசையாலை ஒட்டாமல் விட்டீரெண்டால் மாசியிலை பல்லைக் காட்டும்.

கீழ்த்தட்டுக்குக் கல்லு. முழுக் கல்லு வாங்கச் சொல்லேல்லை, உம்மட முகம் இப்பவே கறுக்குது. குசினிக்குக் கல்லு வெட்டுற கடையளிலை மிச்சத் துண்டுகள் சுவரோடை சாத்திக் கிடக்கும், விலை பேசலாம். அறைப்பக்கம் ஒரு நூல் சரிச்சு வையும், கண்ணாடியடியிலை தண்ணி தேங்காது. குளிர்ந்துதான் கிடக்கும், வேர்க்கவும் செய்யும். ஆனால் துடைச்சால் போச்சு, சாடி வைச்சாலும் கறுக்காது.

இதெல்லாம் வாங்க முதல் வெளியிலை போய் யன்னல் குழியைப் பாரும். மேப்பிள் சருகு அடைஞ்சு கிடக்கு. அடியிலை சரளை தெரியுமட்டும் அள்ளும், இல்லாட்டி மழைத்தண்ணி வடிய வழியில்லாமல் கண்ணாடிக்கு ஏறும். காசு செலவில்லாத வேலை, அதுதான் உம்மட கண்ணுக்குத் தெரியேல்லைப் போலை.

படுக்கையறை யன்னலிலை மட்டும் கைவரிசை காட்டாதையும். நெருப்புப் பிடிச்சால் ஏறித் தப்புற யன்னல் திறக்கேக்கை வழி 0.35 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது, ஒரு பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் கீழை சுருங்கக்கூடாது எண்டு ஒன்ராறியோக் கட்டடச் சட்டம் சொல்லுது. வடிவுக்கெண்டு மொத்தச் சட்டம் அடிச்சுப் போட்டு, வாடகைக்கு வாற பெடியன் ஒல்லியன் எண்டு இன்ஸ்பெக்ரருக்குச் சொல்லிப் பாரும். அவர் பெடியனை அளக்கமாட்டார்.