தாம்பரத்துக்கு மிக அருகில்

தாம்பரத்தைத் தாண்டி, செங்கல்பட்டு ரயில் பாதையில் இருக்கும் ஊரப்பாக்கம் அமைதியான ஊர் என்று மனை விற்பவர்கள் சொல்வதில் பொய்யே இல்லை. காலை எட்டு மணிக்குமேல் ஊரில் ஆள் இருந்தால்தானே சத்தம் வரும்?

சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். இன்றும் பல வண்டிகள் தாம்பரத்தோடு கடமை முடிந்ததென்று நின்றுவிடுகின்றன. செங்கல்பட்டு வண்டிக்காக நடைமேடையில் காத்திருப்பவர்களுக்குத்தான் 'தாம்பரத்துக்கு மிக அருகில்' என்ற விளம்பரத்தின் முழு அர்த்தமும் விளங்கும். மகளிர் பெட்டியில் ஒருவர் மடியில் செய்தித்தாளை விரித்து மறுநாளுக்கான அவரைக்காயை நறுக்குகிறார். எதிர் சீட்டில் இருப்பவர் நார் உரித்துக் கொடுக்கிறார். இருவருக்கும் வீடு ஒரே தெருவில்தான். பழக்கமானது ரயிலில்.

2023 டிசம்பரில் பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். ரயில் நிலையம் இல்லாமலேயே திறந்தார்கள். மனை விலை மட்டும் எந்த வண்டிக்கும் காத்திராமல் ஏறிவிட்டது.

இந்தப் பக்கம் குடிவந்தவர்களில் விவரமானவை வண்டலூர்ச் சிங்கங்கள்தான். மூர் மார்க்கெட் பக்கம் இருந்த உயிரியல் பூங்கா 1985-ல் இங்கே வந்தது. வந்தவை வந்த இடத்திலேயே இருக்கின்றன. காலை வண்டி பிடித்துப் பார்க் ஸ்டேஷன் போவதில்லை.

மனை பார்க்க வருபவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலை வராதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ரயிலில் வந்து பாருங்கள்.