பைப்படியில் வளரும் கல்

கேள்வி: அப்பா கட்டின நெடுந்தீவு வீட்டைத் திருத்துகிறோம். குளியலறையில் பேசின் பூட்டியிருக்கிற மேடைப் பலகை வெடித்துவிட்டது. வெள்ளை இத்தாலி மார்பிள்தான் போடவேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறா. என்ன சொல்கிறீர்கள்?
(ரொறன்ரோவிலிருந்து ஒரு நெடுந்தீவார்)

பதில்: உங்கள் மனைவியின் ரசனையில் வாய் வைக்கிற துணிவு எனக்கு இல்லை. கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மார்பிள் என்பது பூமிக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து உருமாறின சுண்ணாம்புக்கல். இரசாயனப் பெயர் கல்சியம் காபனேற்று. அப்பா கட்டின சுவருக்குள் இருக்கிற முருகைக்கல், வளவைச் சுற்றி நிற்கிற மதில், ஒல்லாந்தர் விட்டுப்போன கோட்டை இடிபாடு எல்லாமே அந்தக் கல்சியம் காபனேற்றுத்தான். ஆக, இத்தாலியில் கராரா மலையை வெட்டி, கப்பலேற்றி, கொழும்பில் இறக்கி, லொறியில் குறிகட்டுவான் வரைக்கும் உருட்டி, அங்கிருந்து கடல் தாண்டி நெடுந்தீவுக்கு நீங்கள் கொண்டுபோகப் போவது நெடுந்தீவைத்தான். கொஞ்சம் மினுக்கி.

அழகுக்குக் குறை சொல்லமாட்டேன். மைக்கேலாஞ்சலோ தாவீதைச் செதுக்கினது கராராக் கல்லில். ஆனால் தாவீதின் தலையில் யாரும் பல் விளக்குவதில்லை. கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் மார்பிளுக்கு 3, கிரனைற்றுக்கு 6, 7. அதைவிட மோசம், புளிப்பு எது பட்டாலும் மார்பிளின் பளபளப்புப் போய், அந்த இடம் மட்டும் மங்கலாகிவிடும். அது கறையில்லை, துடைத்தால் போகாது. கல்லே அரிக்கப்பட்டிருக்கும். மக்ரானா மார்பிளில் கட்டின தாஜ்மகாலுக்கே புகை ஒத்துக்கொள்ளாமல், சுற்றியிருந்த ஆலைகள் நிலக்கரியைக் கைவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம்பெயர வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. உங்கள் குளியலறைக்காக வழக்குப் பேச யார் வரப்போகிறார்கள்?

வெள்ளை நிறத்தில்தான் பிடிவாதம் என்றால், மார்பிள் கோலம் போட்ட பெரிய போசலின் ரைலைக் காட்டுங்கள். புளிப்புக்கு அசையாது. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. மனைவியை அந்த மூன்றடியில் நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

கேள்வி: பேசின் பைப்பின் அடியில் வெள்ளையாகப் பொருக்குப் பிடிக்கிறது. சுரண்டினால் திரும்பவும் வருகிறது. இது என்ன?
(நெடுந்தீவு மத்தியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: எங்கள் தீவில் வளரும் கல் ஒன்று இருக்கிறது, தங்கச்சி. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் படகேறி வருகிறார்கள். அது எவ்வளவு வளர்ந்தது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். உங்கள் பைப்படியில் இருப்பதும் வளரும் கல்தான், இதற்குச் சாட்சியே தேவையில்லை.

மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு லேசான புளிப்பாகிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிறது. போகிற வழியில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்து சேருகிறது. நீங்கள் மோட்டரைப் போட்டுத் தொட்டிக்கு ஏற்றி, பைப்பைத் திறக்கிறீர்கள். சொட்டு நின்று காய்கிறது, தண்ணீர் ஆவியாகிறது, கல் மட்டும் மிஞ்சுகிறது. தீவின் ஒரு துணுக்கு கிணற்றுவழியாக உங்கள் பேசினுக்கு வந்து குடியேறிவிட்டது.

கத்தியால் சுரண்டாதீர்கள், பைப்பின் பூச்சுப் போய்விடும். வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ துணியை நனைத்து, பைப்பைச் சுற்றிக் கால்மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். மணிக்கணக்கில் விட்டால் பூச்சும் மங்கும். பொருக்கு நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். ஆனால் மேடை மார்பிளாக இருந்தால் அந்தச் சாறு ஒரு சொட்டும் கீழே விழக்கூடாது. பொருக்கும் மார்பிளும் ஒரே பொருள். எது விருந்தாளி, எது வீட்டுக்காரன் என்று தேசிக்காய்க்குத் தெரியாது. இரண்டையும் தின்னும். கிணற்றுத்தண்ணீர் பாவிக்கிற வீட்டில் மார்பிள் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்: துப்புரவாக வைத்திருக்கவும் முடியாது, ஊத்தையாக விடவும் முடியாது.

கேள்வி: அப்படியென்றால் எந்தக் கல்லைத்தான் போடுவது?
(நயினாதீவு வாசகர்)

பதில்: அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே, ஐயா! எங்கள் கோயில்களில் மூலவருக்குப் பால், தயிர், தேன், இளநீர், தேசிக்காய்ச் சாறு என்று தலைமுறை தலைமுறையாக ஊற்றுகிறோம். கருங்கல் முகம் சுளித்திருக்கிறதா? வட இந்தியாவில் மார்பிள் விக்கிரகங்களுக்குப் பட்டும் பூவும்தான் அதிகம். காரணத்தை ஆகமத்தில் தேடுகிறவர்கள் தேடட்டும், எனக்குக் கல்லிலேயே தெரிகிறது. கிரனைற்றில் உள்ள படிகக்கல்லும் பெல்ஸ்பார் கனியங்களும் வீட்டுப் புளிப்புக்கு மசியாதவை.

யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல்தான். கருங்கல் வேண்டுமென்றால் வவுனியாப் பக்கம் போகவேண்டும். கடைகளில் பளபளக்கிற பலகைகளில் நிறைய இந்தியாவிலிருந்து வருகிறவை. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்பு உலகம் முழுக்கப் போகிற சரக்கு. அந்தத் தனிக் கறுப்பைக் கடைக்காரர் கிரனைற் என்றுதான் விற்பார். புவியியல்காரர் அதை டொலரைற் என்பார். குளியலறைக்கு இரண்டும் நல்ல கல், அவர்கள் சண்டை பிடிக்கட்டும்.

ஆனால் தனிக் கறுப்பை நான் எங்கள் தீவுகளுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். எங்கள் தண்ணீரின் ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளை வளையம் போடும், கறுப்பில் அது அத்தனையும் தெரியும். சாம்பல் நிறத்தில் கறுப்பும் வெள்ளையும் புள்ளி போட்ட கல்லை எடுங்கள். மினுக்காத, மங்கல் முகம் என்றால் இன்னும் நல்லது. பார்க்க எளிமை, பெருநாளுக்கு முதல்நாள் துடைத்தால் போதும்.

இன்னொன்று. கறுப்பாக இருப்பதெல்லாம் கருங்கல் இல்லை. ஆந்திராவின் கடப்பாக் கல் நல்ல கறுப்பு, விலையும் சகாயம், ஆனால் அது சுண்ணாம்புக்கல். சில கல்லுக்குச் சாயமும் பூசுவார்கள். கடையில் வெட்டி மிஞ்சின துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேயுங்கள். துணி கறுத்தால் சாயம். அரைத் தேசிக்காயைக் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் வட்டமாக மங்கியிருந்தால் கல்லைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, மற்ற அரைத் தேசிக்காயில் தண்ணீர் கரைத்துக் குடியுங்கள்.

கேள்வி: ஊரில் கிடக்கிற முருகைக்கல்லையே அரிந்து மினுக்கிப் போட்டால் செலவு மிச்சம் அல்லவா?
(வேலணை)

பதில்: செலவு மிச்சம், வழக்குச் செலவு மேலதிகம். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981இல் வந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையே தடைசெய்கிறது. பழைய மதிலை உடைத்து எடுக்கலாமே என்று அடுத்த கடிதத்தில் கேட்கவேண்டாம். சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கி நிற்கிற அந்த மதில்களைப் பார்க்கத்தான் ஆட்கள் நெடுந்தீவுக்கு வருகிறார்கள். சட்டத்தை விடுங்கள், முருகைக்கல்லுக்கு உடம்பெல்லாம் துளை. சவர்க்காரத் தண்ணீர், பற்பசை, முகம் கழுவின அழுக்கு எல்லாவற்றையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மாரிக்குள் பூஞ்சணம் பிடித்துப் பச்சையாகிவிடும்.

கேள்வி: சீமெந்து மேடை போதாதா?
(ஊர்காவற்றுறை)

பதில்: காசு இல்லாவிட்டால் போதும். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் தொடங்கின நாளிலிருந்து எங்கள் வீடுகள் சீமெந்தில்தான் வளர்ந்தன. சிவப்புச் சீமெந்து போட்டு இழைத்த நிலத்தின் குளிர்ச்சி எந்தக் கிரனைற்றிலும் வராது. ஆனால் சீமெந்தும் சுண்ணாம்பின் பிள்ளை, புளிப்புக்கு அதே பயம். மேலே ரைல் ஒட்டி, இடைவெளிகளுக்கு எபொக்சி பூசினால் பாவம் குறையும்.

கேள்வி: கல்லைத் தீவுக்கு எப்படி உடையாமல் கொண்டுபோவது? போன தடவை கொண்டுபோனது மாவலித்துறையில் இறக்கும்போது இரண்டாகிவிட்டது.
(நெடுந்தீவு கிழக்கு)

பதில்: படுக்க வைத்துக் கொண்டுபோயிருப்பீர்கள். பலரும் செய்கிற காரியம். கல்லை அமத்தினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. படுத்த பலகைக்கடியில் ஒரு மூலை தூக்கலாக இருந்தால், ஒரு மணிநேரக் கடற்பயணத்தில் வருகிற ஒவ்வொரு அலையும் அதை வளைத்துப் பார்க்கும். நிமிர்த்தி, விளிம்பில் நிற்க வைத்து, மரச்சட்டத்தில் சாய்த்துக் கட்டுங்கள். இறக்கும்போதும் நிமிர்ந்தபடியே இறக்குங்கள். நாலடி நீளம், இருபது அங்குல அகலம், 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள கிரனைற் ஏறக்குறைய 34 கிலோ. இரண்டு பேர் தாராளமாகத் தூக்கலாம், அந்த இருவரில் ஒருவர் கைத்தொலைபேசியில் கதைக்காதவரையில்.

உடைகிற இடம் பெரும்பாலும் பேசினுக்கு வெட்டின ஓட்டையின் முன்பக்கம். அங்கே மிஞ்சுவது மூன்று விரல் அகலம்தான். அதனால் தீவுக்காரருக்கு என் ஆலோசனை, கல்லின் மேலே வைக்கிற கிண்ணப் பேசினை வாங்குங்கள். தண்ணீர் இறங்க 45 மில்லிமீற்றர் துளையும், பைப்புக்கு 35 மில்லிமீற்றர் துளையும் போதும். பலகை முழுசாக வந்து சேரும். சில கடைகளில் பலகைக்கு அடியில் பள்ளம் வெட்டி இரும்புக் கம்பி பதித்துப் பலப்படுத்தித் தருவார்கள். எங்கள் உப்புக்காற்றில் அந்தக் கம்பி துருப்பிடித்து ஊதி, காப்பாற்ற வேண்டிய கல்லையே பிளக்கும். பைபர் கம்பி என்றால் சரி. பலகையைத் தாங்குகிற சட்டத்துக்கும் இதே கதைதான். இரும்பு வேண்டாம். 316 வகைத் துருப்பிடிக்காத உருக்கு, இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கல்லுக்கட்டு.

சோளகம் வீசுகிற மாதங்களில் கல் ஏற்றவேண்டாம். பங்குனி, சித்திரையில் கடல் தட்டையாகக் கிடக்கும், அப்போது கொண்டுபோங்கள். அதுவரைக்கும் வாளியில் முகம் கழுவினால் குறைந்துவிடமாட்டீர்கள்.

கேள்வி: இங்கே குவாட்ஸ் பலகையைத் தடைசெய்துவிட்டார்கள். ஊரில் தம்பி அதைத்தான் போடப்போகிறான். வீட்டுக்குள் வைத்திருந்தால் ஆபத்தா?
(மெல்பேர்ண்)

பதில்: இந்தக் கேள்விக்குப் பகிடி இல்லாமல் பதில் சொல்கிறேன். செயற்கைக் குவாட்ஸ் என்பது படிகக்கல்லை அரைத்து, பிசின் கலந்து அழுத்திச் செய்கிற பலகை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேலும் சிலிக்கா இருக்கலாம். கிரனைற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பூட்டின பலகை உங்கள் தம்பிக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. அதை அரிகிற பையன்தான் சாகிறான். காய்ந்தபடி கிரைண்டரால் வெட்டும்போது எழும்புகிற தூள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலுக்குள் போய் அங்கேயே தழும்பாகிறது. சிலிக்கோசிஸ் என்கிற அந்த வியாதிக்கு மருந்து கிடையாது. இள வயதுத் தொழிலாளிகள் வரிசையாக விழுந்த பிறகுதான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையைச் செய்வது, விற்பது, வெட்டுவது, பூட்டுவது எல்லாவற்றையும் தடைசெய்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான்.

தம்பியிடம் குவாட்ஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். கிரனைற் எடுத்தாலும் கடையிலேயே, தண்ணீர் ஊற்றி வெட்டுகிற வாளில் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். வீட்டு முற்றத்தில் வைத்து, முகத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கிற மேசனைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சால்வை அந்தத் தூளை மறிக்காது. கோபித்தால் கோபிக்கட்டும்.

கேள்வி: பழைய பலகையைத் தானே கழற்றுவேன் என்று இவர் சுத்தியலோடு நிற்கிறார். விடலாமா?
(புங்குடுதீவு)

பதில்: சுத்தியலை வாங்கி வையுங்கள் அம்மா, பிறகு விடலாம். முதலில் தண்ணீர் வால்வைப் பூட்டவேண்டும். அடியில் வளைந்திருக்கிற பைப்புக்குக் கீழே ஒரு வாளி. அந்த வளைவுக்குள்தான் காணாமல்போன தோடு இருக்கும். சுவரும் பலகையும் சந்திக்கிற சிலிக்கனை மெல்லிய கத்தியால் வெட்டிவிட்டு, அடியிலிருந்து மெதுவாக நெம்பினால் கழன்றுவிடும். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டினது என்றால், ஓங்கி ஒரு அடி விழுந்தால் பலகையோடு பூச்சும் வரும். புதியதை ஒட்டும்போது வினாகிரி மணக்கிற சிலிக்கனை வாங்கவேண்டாம். அது கல்லின் விளிம்பில் கறை ஏற்றும். மணமில்லாத நியூட்ரல் வகை கிடைக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் ஐந்தடி போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஆறடி போட ஆசை.
(நெடுந்தீவு மேற்கு)

பதில்: ஆசைப்படலாம். முதலில் காட்போட் மட்டையை ஆறடிக்கு வெட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு படலையிலிருந்து விறாந்தை வழியாகக் குளியலறை வரைக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். கதவடியில் திரும்ப முடியாமல் மட்டை மடியும். மடிந்த இடத்தில் அளந்து, அந்த அளவுக்குக் கல் எடுங்கள். நாலரை அடி வரும் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டார் கேட்டால், கிண்ணப் பேசினின் விலையைச் சொல்லுங்கள்.