மூன்று மணி விழிப்பு

கேள்வி: வயது 50. ராத்திரி இரண்டு லார்ஜ் பிராந்தி போட்டால் படுத்ததும் தூக்கம். ஆனால் மூன்று மணிக்கு டாண் என்று முழிப்பு வந்துவிடுகிறது. முப்பது வயதில் இப்படி இல்லையே, ஏன்? (வாசகர், ஈரோடு)

பதில்: பிராந்தி தருவது கடன் தூக்கம் சார், மூன்று மணிக்கு வட்டி கேட்க வந்துவிடும்!

இரண்டு லார்ஜ் என்றால் 120 மில்லி. அதில் சுமார் 40 கிராம் சாராயம் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும். பத்து மணிக்குக் குடித்தால் கணக்குத் தீர மூன்று மணி ஆகும். அதுவரை அமுங்கிக் கிடந்த மூளை அப்போது துள்ளி எழுகிறது. நெஞ்சு படபடக்கும், வேர்க்கும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் மது குறைத்துவிடுவதால் பாத்ரூமுக்கு வேறு ஓட வேண்டும். ஐம்பதில் புராஸ்டேட்டும் சேர்ந்துகொள்ளும்.

வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் தானாகவே குறைகிறது. உடம்பில் நீர்ச்சத்தும் குறைவதால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது. முப்பதில் தாங்கியது இப்போது தாங்காது.

இதைவிட எனக்குக் கவலை, நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்பதுதான். மது தொண்டைத் தசைகளைத் தளர்த்தும்; தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரலாம். வீட்டம்மாவிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.

தூக்க மாத்திரையோடு மதுவைச் சேர்க்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து. தினமும் குடிப்பவர் என்றால் திடீரென்றும் நிறுத்த வேண்டாம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.