மாவடு ஜாடி ஊறுகாய் ஜாடி ஆகுமா?

மாவடு ஓர் ஊறுகாய் என்பதில் அறிஞரிடையே பிணக்கு இல்லை. ஆகவே மாவடு ஜாடியும் ஓர் ஊறுகாய் ஜாடியே என்று புரோகிராமிங் கற்கத் தொடங்கிய எவரும் துணிவர். ஜாவா கம்பைலர் மட்டும் உடன்படுவதில்லை. 2004-இல் ஜாவா 5 ஜெனரிக்கைக் கொண்டுவந்த நாள்முதல், ஜாடி<ஊறுகாய்> கேட்ட இடத்தில் ஜாடி<மாவடு> என்று நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுகிறது. இதை வறட்டுப் பிடிவாதம் என்பார் உளர். சமையலறை அறிவு என்பதே நம் துணிபு. ஊறுகாய் ஜாடி என்று பெயர் வாங்கியதும், எந்த ஊறுகாயைப் போட்டாலும் ஏற்கும் கடமை சேர்ந்துவிடுகிறது. ஒருவர் நார்த்தங்காயைப் போடுகிறார், அவர்மேல் குற்றமில்லை. மறுநாள் மாவடுவுக்குக் கைவிட்டவர் திகைக்கிறார். தாய் வகை நின்ற இடத்தில் சேய் வகை நின்றால் தாய் தந்த வாக்கு பொய்க்கலாகாது என்பது பார்பரா லிஸ்கவ் 1987-இல் முன்வைத்த நெறி. மாவடு அந்த வாக்கைக் காக்கும். அதன் ஜாடியால் இயலாது.

ஜாவாவின் அரே இதே கலப்பை அனுமதிக்கிறதே என்பது முதல் தடை. உண்மைதான்; ஜெனரிக் இல்லாத காலத்தில், எல்லா ஆப்ஜெக்ட் அரேக்களுக்கும் பொதுவாக ஒரே மெத்தட் எழுத அந்தச் சலுகை உதவியது. ஆனால் அரே தன் வகையை மறப்பதில்லை. நார்த்தங்காய் விழும் கணத்தில் ‘அரேஸ்டோர்எக்ஸப்ஷன்’ என்று அலறிவிடும். ஜெனரிக் ஜாடியின் வகைச் சீட்டையோ கம்பைலரே கிழித்துவிடுகிறது. புரோகிராம் ஓடும்போது, போடுகிற கையைத் தட்டிக்கேட்க ஆளில்லை. எனவே வாசலிலேயே தடுப்பது தகும். அப்படியானால் இன்ஹெரிட்டன்ஸால் ஜாடிக்குப் பயனே இல்லையா என்பது அடுத்த தடை. உண்டு, திசை அறிந்தால். ‘? எக்ஸ்டெண்ட்ஸ் ஊறுகாய்’ என்று எழுதினால் மாவடு ஜாடியும் உள்ளே வரலாம். எடுத்துச் சுவைக்கலாம், ஆனால் ‘நல்’ என்னும் வெறுமையைத் தவிர எதையும் போட முடியாது. ‘? சூப்பர் மாவடு’ என்றால் மாவடுவைத் தாராளமாகப் போடலாம். எடுக்கும்போது ‘ஏதோ ஒரு பண்டம்’ என்பதற்குமேல் உறுதியில்லை. சி ஷார்ப் 2010-இல் இதையே இன்டர்ஃபேஸ்களுக்கும் டெலிகேட்களுக்கும் ‘அவுட்’, ‘இன்’ என்று சுருக்கிற்று. ஆக, ஜாடிக்கும் ஜாடிக்கும் உள்ள உறவைப் பண்டத்தின் குலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கை போடப் போகிறதா, எடுக்கப் போகிறதா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.